மேற்கே மூடிய கொட்டகை

அந்தக் கொட்டகைக்குள் முதல் தடவை தலையை நீட்டிய அன்றைக்கே எனக்குக் கை பரபரத்தது. கட்டியவனை நாலு சாத்து சாத்தலாம் போல வந்தது. கட்டியவன் என் தம்பி. வாசல் துணியை விலக்கியதுமே மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி அப்பிக்கொண்டது. சேலை முதுகோடு ஒட்டியது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே அதே வெயில் செடிகளின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, இது செடி வளக்குத எடமா, இல்ல சுடுகாடா?" என்றேன்.

"எக்கா, ஒனக்கு ஊசி போடத்தான் தெரியும். போயி அதப் பாரு" என்றான்.

அன்றைக்குத் தொடங்கிய சண்டைதான். வைகாசி வரைக்கும் ஓயவில்லை.

நான் தென்காசியில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். கட்டின வீட்டில் கை நீட்டியவனுக்கு அதே கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலகரத்துக்கு வந்தவள். அப்பா கட்டிய வீட்டில் மாடி எனக்கு, கீழ்வீடு தம்பிக்கும் அவன் மனைவிக்கும். தம்பி கீழ்வீட்டில் இருந்ததைவிட வெளிநாட்டில் இருந்ததுதான் அதிகம். வளைகுடாவில், பாலைவனத்து நடுவே வெள்ளரிக்காய் விளைவிக்கும் பெரிய பெரிய பிளாஸ்டிக் கூடாரங்களில் வேலை. ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது அவன் கொஞ்சம் குறைந்தே வந்தான். ஒரு தடவை சாப்பாடு குறைந்திருந்தது, அடுத்த தடவை பேச்சு, கடைசியாக வந்தபோது சிரிப்பே இல்லை. "இனி போவல" என்று மார்கழியில் சொன்னான். அவன் மனைவி நம்பவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆம்பளையைப் பார்த்துப் பழகாதவள் அவள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

சும்மா உட்காராமல் இருக்கத்தான் அவன் கொட்டகை போட்டான். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் இரும்புக் குழாயை வளைத்து நட்டு, மேலே பாலித்தீன் ஷீட்டை இழுத்துக் கட்டி, உள்ளே வரிசை வரிசையாக ஆந்தூரியம். சிவப்புத் தட்டில் குச்சி வைத்த மாதிரி இருக்குமே, கல்யாண மேடையில் பார்த்திருப்பீர்கள், அந்தப் பூ. சீசனில் குற்றாலத்து விடுதிக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள் என்பது அவன் கணக்கு. அங்கே அவன் இடத்துக்கு இன்னும் வேறு ஆளைப் போடவில்லை. ஏஜென்ட் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தான். ஏஜென்ட்டுக்கும் மனைவிக்கும் எனக்கும் சேர்த்துத் தம்பி ஒரே பதில்தான் வைத்திருந்தான். ஆனியில் சாரல் தொடங்கும்வரை செடி நின்றுவிட்டால் அவனும் ஊரில் நிற்பான். செடி செத்தால் விமானம் ஏறிவிடுவான்.

அவன் போகக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவனிடம் அதை ஒருநாளும் நல்ல வார்த்தையில் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பாசத்தை அந்த மாதிரிப் பேசிப் பழக்கமில்லை, ஏசித்தான் பழக்கம்.

கொட்டகையில் எல்லாக் கோளாறுக்கும் மூலம் மேற்குப் பக்கம். எங்கள் பக்கத்தில் எதைக் கட்டினாலும் மேற்கை மூடித்தான் கட்டுவார்கள். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேக்காத்து சும்மா வீசிவிட்டுப் போகாது. கூரை ஓட்டைப் பிரிக்கும், குலை தள்ளிய வாழையை இடுப்பில் முறிக்கும், பைக்கில் போகிறவனைப் பைக்கோடு வயலில் தள்ளும். பறந்து வந்த தகரம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் கழுத்தில் பாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் மேற்கே ஜன்னல் வைக்கிறவனை இங்கே கிறுக்கன் என்பார்கள். தம்பியும் மேற்குப் பக்கத்தைத் தரையிலிருந்து கூரை வரை இரட்டை ஷீட் போட்டுக் கிழியாதபடி இறுக்கிவிட்டான். குழாய் வளைத்துக் கொடுத்த வெல்டிங்காரர், பக்கத்து வீட்டு அண்ணாச்சி, நான், யாரும் வேறு மாதிரி நினைக்கவில்லை. கோடையில் இந்த ஊருக்குள் வருகிற கொஞ்சநஞ்சக் குளிர்ச்சியும் அதே கணவாய் வழியாகத்தான் வருகிறது என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. ஆடிக்குப் பயந்து சித்திரையில் வெந்தோம்.

வெந்தது வெறும் பேச்சுக்கு இல்லை. இலைகள் ஓரத்தில் பழுத்து, பிறகு கருகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின. தம்பி முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளி எடுத்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாய் மட்டும், "நல்லா கட்டிருக்க லே, ஆந்தூரியம் வத்தல் போடலாம்" என்றது. அவன் கையிலிருந்த பூந்தொட்டியைத் தூக்கி என் காலடியில் போட்டு உடைத்தான். நான் இன்னொன்றை எடுத்து அவன் காலடியில் உடைத்தேன். அவன் மனைவி கொல்லைக் கதவில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒடச்சி முடிச்சிட்டுச் சொல்லுங்க மதினி, வாரியல் எடுத்திட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்து அவன் செய்ததை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு ஒருத்தனும் செய்ய மாட்டான். கூரைக்குக் கீழே குழாய் ஓட்டி, அதில் பொடிப்பொடியாகத் தண்ணீர் பீய்ச்சும் மூக்குகளை மாட்டினான். மோட்டாரைப் போட்டதும் உள்ளே புகைமாதிரி தூறல் இறங்கியது. "குத்தாலச் சாரலையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன் பாத்தியா" என்றான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். எனக்கும் ஒரு நிமிஷம் கண் நிறைந்துதான் போனது. எங்களுக்குச் சாரல் என்றாலே குளிர்ச்சி. பிறந்ததிலிருந்து அப்படித்தான் உடம்புக்குத் தெரியும். தூறல் முகத்தில் விழுந்தால் போதும், சட்டைப் பொத்தானை மூடிக்கொள்வோம். அந்தக் குளிர்ச்சி தூறலில் இல்லை, தூறலைத் தள்ளிக்கொண்டு வருகிற காற்றில்தான் இருக்கிறது என்று யார் யோசித்தார்கள்? நாலு பக்கமும் மூடிய கொட்டகைக்குள் உச்சிவெயிலில் சாரல் அடித்தால் அதற்குப் பெயர் இட்லிக் கொப்பரை.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வருவதற்குள் புதுக்குருத்துகள் எல்லாம் வெந்த கீரையாகத் துவண்டு கிடந்தன. தண்டைத் தொட்டேன். தோல் கையோடு வந்தது. நான் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்து, "நீயே இதுக்குள்ள நில்லு லே. அரை மணி நேரம் நில்லு. நின்னு காட்டு" என்று கத்தினேன். அவன் என் கையை முறுக்கிவிட்டான். நான் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். ஐம்பதை எட்டப்போகும் பொம்பளையும், நரைத்த தலையோடு ஒரு ஆம்பளையும், சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சேற்றில் புரண்டோம் என்று சொல்ல வெட்கமாக இல்லை. அவனுக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, எனக்கும்தான்.

மறுநாள் என் பங்குக்கு நான் ஒரு வேலை பார்த்தேன். பீரோவில் இருந்த பழைய நூல்சேலைகளை எல்லாம் நனைத்துக் கொட்டகையின் மேல் விரித்தேன். வெயில் ஷீட்டில் படாமல் தடுக்குமே என்று. தடுக்கவும் செய்தது. உள்ளே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. ஆனால் அந்த வருஷம் அருவிகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐந்தருவிப் பக்கமிருந்து குரங்குகள் கூட்டம் கூட்டமாக ஊருக்குள் இறங்கியிருந்தன. ஈரச் சேலையைக் கண்டதும் கூரையில் ஏறி, துணியை வாயில் வைத்து உறிஞ்சின. உறிஞ்சிய பிறகு கிழித்தன. நான் கம்போடு மாடியிலிருந்து சத்தம் போட்டேன். பெரிய கடுவன் குரங்கு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நேராக என்மேல் பாய்ந்தது. முழங்கையில் கவ்வி, தலையை ஆட்டியது. நாய் எலும்பைக் கடித்து ஆட்டுமே, அப்படி.

தம்பி இரும்புக் குழாயோடு ஏறி வந்து அதன் முதுகில் அடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு அடியோடு அது விட்டுவிட்டது. அவன் விடவில்லை. ஓட முடியாமல் சுவரோரம் சுருண்டதை மறுபடி மறுபடி அடித்தான். "போதும் லே, செத்திரும்" என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். என் ரத்தம் அவன் சட்டையில். அவன் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. இந்த ஆளை நான் பார்த்ததில்லையே என்று அப்போது பயந்தேன். குரங்கு இழுத்து இழுத்து எப்படியோ மதில் தாண்டிப் போனது. நான் கிளினிக்குக்குப் போய்க் காயத்தைக் கழுவி, நான் தினமும் மற்றவர்களுக்குப் போடுகிற ஊசியை எனக்குப் போட்டுக்கொண்டேன். தம்பி வெளியே பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏன் அப்படி அடித்தாய் என்று கேட்டதற்கு, "தெரியல எக்கா" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவன் கடைசி வழியை எடுத்தான், வளைகுடாவில் இருபது வருஷம் பார்த்த வழியை. கிழக்குப் பக்கம் முழுக்க, ஏர்கூலருக்குள் தேனடை மாதிரி அட்டை இருக்குமே, அதை நிறுத்தித் தண்ணீர் வழியவிட்டான். எதிரே மேற்குப் பக்கத்து இரட்டை ஷீட்டில் வட்டமாக வெட்டி, லாரிச் சக்கரம் அளவுக்கு ஒரு ஃபேன் மாட்டினான். வாசல் துணிக்குப் பதில் இரும்புச் சட்டத்தில் கதவு வைத்தான். ஃபேன் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே துப்பும். அந்த இடத்துக்கு ஈர அட்டை வழியாகக் காற்று வரும். பொய் சொல்ல மாட்டேன், அருமையாக வேலை செய்தது. உச்சிவேளையில் உள்ளே போனால் புரட்டாசி மாதிரி இருந்தது. செடிகள் ஒரு வாரத்தில் தலை தூக்கின. ஒன்றிரண்டு மொட்டு விட்டன. தம்பி மதியச் சாப்பாட்டைத் தட்டோடு அங்கே கொண்டுபோய்த் தின்றான். அவன் மனைவிகூட ஒரு ஸ்டூலைப் போட்டு அங்கே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். ஏஜென்ட் போன் வந்தபோது, "பாக்கலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்தான் என்பதைத்தான் நான் கவனித்தேன்.

"கரண்டு போச்சுன்னா என்னல செய்வ?" என்று கேட்டேன்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி எக்கா" என்றான்.

கரண்டு போனது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடிகுண்டு மாதிரி வெடித்துப் புகை வந்தது. நல்ல உச்சிவெயில். எனக்கு அன்றைக்கு விடுமுறை, மாடியில் படுத்திருந்தேன். ஃபேன் நின்றதும் வியர்த்து எழுந்தேன். கொட்டகை நினைப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் கீழே இருந்து, "மதினி, மதினி" என்று தம்பி மனைவி அலறும் சத்தம்.

தம்பி உள்ளே இருந்தான். வாசல் சட்டத்தை உள்பக்கமாகக் கம்பி போட்டுக் கட்டியிருந்தான். திறந்தால் வெளிச்சூடு உள்ளே வந்துவிடுமாம், அதுவரை வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு அட்டையிலும் செடியிலும் ஊற்றிச் சமாளித்துவிடுவானாம். அவளிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கொஞ்ச நேரமாகச் சத்தமே இல்லை என்றாள். ஷீட்டில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். உள்பக்கம் நீர் கோத்து ஒன்றும் தெரியவில்லை. மங்கலாக ஒரு உருவம் நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஏலே, கதவத் தொற."

அவன் பதில் சொன்னான். இந்தியில் சொன்னான். அந்த நாட்டில் எல்லா ஊர்க்காரர்களும் கலந்து பேசிக்கொள்கிற உடைந்த இந்தியில், என்னை யாரோ பெரியவர் என்று நினைத்து, பணிந்து பணிந்து ஏதோ கெஞ்சினான். வெயிலில் விழுந்து கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆளும் இடமும் மறந்து பேசத் தொடங்கினால் அதற்குப் பிறகு நேரம் கிடையாது.

தேங்காய் வெட்டும் அரிவாள் துவைகல்மேல் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசல் சட்டம் இரும்பு. கிழக்கே அட்டையும் கம்பியும். மேற்கே, ஃபேனுக்குக் கீழே, வெறும் ஷீட். இரட்டை ஷீட்டில் ஓங்கி வெட்டினேன். முதல் வெட்டு வழுக்கிவிட்டது. இரண்டாவது இறங்கியது. பிறகு எத்தனை வெட்டினேன் என்று தெரியாது. அந்தக் கொட்டகையை, அந்தக் கோடையை, என்னைக் கட்டியவனை, தம்பியை வருஷாவருஷம் கொண்டுபோன விமானத்தை, எல்லாவற்றையும் வெட்டினேன். வாய் கெட்ட வார்த்தையாகக் கொட்டியது. ஷீட் தொங்கிப் பிளந்தது. உள்ளிருந்து வந்த சூடு என் புருவத்தைப் பொசுக்கியது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, மலைப்பக்கமிருந்து, காற்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

தம்பி என்னைப் பார்த்ததும் குத்தினான். நெஞ்சில் ஒன்று, வாயில் ஒன்று. உதடு கிழிந்தது. "கிழிக்காத, கிழிக்காத" என்று இப்போது தமிழில் கத்தினான். அவன் உடம்பைத் தொட்டேன், அடுப்புச் சட்டி மாதிரிக் கொதித்தது, பொட்டு வியர்வை இல்லை. அவன் தலைமுடியைப் பிடித்துக் குனியவைத்து, காலால் வாரி, இரண்டு கையையும் பிடித்துத் தொட்டிகளை எல்லாம் உடைத்துக்கொண்டு இழுத்தேன். அவன் மனைவி காலைப் பிடித்தாள். வேப்பமர நிழலில் போட்டு, சட்டையைக் கிழித்து எறிந்து, தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். அவள் முறத்தால் விசிறினாள். நான் அவன் கன்னத்தில் மாற்றி மாற்றி அறைந்தேன். "முழி லே. முழி. செத்தீன்னா கொன்னுபோடுவேன்." அவன் வாந்தி எடுத்தான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

கிளினிக்கில் பொழுது சாயும் நேரத்தில்தான் அவனுக்கு நினைவு தெளிந்தது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் இந்தப் பக்கம் வீங்கிய உதட்டோடு நான், அந்தப் பக்கம் அவன் மனைவி. முதலில் என் வாயைப் பார்த்தான்.

"யாரு எக்கா?"

"நீதான்."

கண்ணை மூடிக்கொண்டான். மூடியபடியே, "செடி?" என்றான். பாதிக்கு மேல் போயிருக்கும், மீதி கிடக்கிறது என்றேன். அவன் தலையை ஆட்டினான். பிறகு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வது மாதிரிப் பேசினான்.

"அங்கன ஒரு நாள் இப்படித்தான் ஃபேன் நின்னுட்டு. நேபாளத்துப் பையன் ஒருத்தன் உள்ள மாட்டிக்கிட்டான். கதவு சிக்கிக்கிட்டு. ஷீட்டக் கிழிச்சா ஒரு நிமிசத்துல வெளிய இழுத்துரலாம். எங் கையில கத்தி இருந்துச்சு எக்கா. கிழிக்கக் கூடாது, மொத்தப் பயிரும் போயிரும்னு மேஸ்திரி சொன்னான். உள்ள அவன் கூப்பிடுதான். எம் பேரச் சொல்லிக் கூப்பிடுதான். நான் கத்தியோட நிக்கேன்."

அவள் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவன் சத்தம் நின்ன பொறவு கதவத் தொறந்தாங்க" என்றான். "ஒனக்கு எப்படி எக்கா யோசிக்காமக் கிழிக்க முடிஞ்சிது?"

வாயைத் திறந்தால் ஏச்சுதான் வந்திருக்கும். அவன் கால் பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷம் அவனை நாங்கள் எங்கே அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன். அழுதேன். நர்ஸ் உடுப்பில் போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அப்போது அவன் போன் அடித்தது. தலைமாட்டில் கிடந்தது. ஏஜென்ட். டிக்கெட் போட நாளைக்குள் பதில் வேண்டும் என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான். நான் கையை நீட்டுவதற்குள் தம்பி மனைவி எடுத்துவிட்டாள். அவள் சாமி கும்பிடாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காதவள். விளக்கை அணைத்தேன் என்றுகூடச் சொல்லமாட்டாள், அபசகுனம் என்று குளிரவைத்தேன் என்பாள். மார்கழியிலிருந்து, போனால்தான் என்ன என்று முனங்கிக்கொண்டிருந்தவளும் அவள்தான். அந்தப் பக்கம் ஏஜென்ட் படபடவென்று பேசுவது எங்களுக்கே கேட்டது. அவள் பேசவிட்டுக் கேட்டாள். ஒரு கை தாலியைப் பிடித்திருந்தது.

"அவுக செத்துட்டாக" என்றாள்.

அந்தப் பக்கம் என்ன, எப்போது, எப்படி என்று கேட்டிருப்பான்.

"அங்கனயே செத்துட்டாக. ரொம்ப நாளாச்சு. எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஊசி குத்தியிருந்த கையை அசையாமல் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.